எழுந்திருக்காத ஆள்

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைப் பெருக்கலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். இது வாய்ப்பாட்டுப் பெருக்கல் இல்லை, துடைப்பத்தைப் பிடித்துப் பெருக்குகிற பெருக்கல்.

புதிதாகக் கட்டிய கட்டடங்களை அழகாகப் படம் எடுத்துக் கொடுப்பது அந்த ஸ்டுடியோவின் தொழில். கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்டுகளுக்குத் தங்கள் படத்தில் ஈ காக்கா இருக்கக் கூடாது. ஆனால் கட்டடம் என்று ஒன்று எழும்பிவிட்டால் அதன் முன்னால் ஆட்கள் போகாமல் இருப்பார்களா? வாட்ச்மேன் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார். எவனாவது தூணில் சாய்ந்து போனில் பேசுவான். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி குறுக்கே போவாள். இவர்கள் எல்லோரையும் கம்ப்யூட்டரில் அழித்து, தரையும் சுவரும் வானமும் மட்டும் மிஞ்சும்படி செய்து தருவது அவள் வேலை. "அக்கா, இந்த வாசலைக் கொஞ்சம் பெருக்கிடுங்க" என்று கேமராக்காரர் ஒருநாள் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளே சொல்லிச் சிரிப்பாள்: "கூட்டிப் பெருக்குறேன்னு பேரு. செய்யறதெல்லாம் கழித்தல்."

கல்யாணமான புதிதில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஒரு சின்னக் கடையில் பருவையும் தழும்பையும் அழித்துப் பழகிய கை அது. பிறகு இந்த ஸ்டுடியோவுக்கு வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஆளை அழித்துவிட்டு நிழலை விட்டுவைக்கிறவர்கள் உண்டு. நிழலையும் அழித்துவிட்டுக் கண்ணாடிச் சுவரில் விழுந்த பிம்பத்தை மறந்துபோகிறவர்களும் உண்டு. அவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. அவள் கையைத் தாண்டிப் போன படத்தில் ஒரு செருப்பு நுனிகூட மிச்சமிருக்காது.

அவள் வீட்டுக்காரர் ஒரு பைப் கம்பெனியின் குடோனில் மேற்பார்வையாளராக இருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நாலு பேர் கூடிய இடத்தில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் வந்து பையை மாட்டியதும் அவருக்கு ஒரு வேடிக்கை உண்டு.

"இன்னிக்கு எத்தனை தலை உருண்டுச்சு?" என்பார்.

"பத்துப் பன்னெண்டு இருக்கும். ஒரு நாய் வேற."

"நாயையுமா? பாவம்டீ, அது என்ன பண்ணுச்சு?"

மகள் சின்னவளாக இருந்தபோது இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டே பெருக்கலக்கா தன் தொழில் கதையெல்லாம் சொல்வாள், அவர் கேட்பார். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும், சற்றுச் சற்று நேரம் விட்டு ஒரே இடத்தைப் பல படம் எடுப்பார்கள். நடந்து போகிறவர்களை அழிப்பது ஒரு விஷயமே இல்லை. முதல் படத்தில் ஒருவர் மறைத்திருந்த சுவர் அடுத்த படத்தில் வெட்டவெளியாக இருக்கும், அதை எடுத்து இங்கே ஒட்டிவிடலாம். "உக்காந்தவங்கதான் வம்பு," என்பாள். "பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி ஒரே இடத்துல இருந்தா, அவங்களுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எந்தப் படத்துலயும் தெரியாது. கல்லு கல்லா நானே வரையணும். நடக்கிறவங்க போயிடுவாங்க. உக்காந்தவங்க லேசுல போக மாட்டாங்க." அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

நகரத்தில் புதிதாக ஒரு பொது நூலகம் திறந்தார்கள். முன்னால் அகலமான கல் படிக்கட்டு, அதன் கீழே முழங்கால் ஆழத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஆள் உயரம் போல நாலைந்து மடங்குக்குக் கண்ணாடிச் சுவர். காலை வெயில் கண்ணாடியில் ஏறுவதில் இருந்து அந்தியில் உள்விளக்குகள் எரிவதுவரை படம் வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் கேட்டிருந்தார். கேமராக்காரர் ஒரு வேலைநாள் முழுக்க எதிர் நடைபாதையில் ஸ்டாண்டைப் போட்டு எடுத்து வந்தார். மறுநாள் காலையில் டீ டம்ளரோடு அவள் உட்கார்ந்தபோது, கேமராக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சிரித்தார்.

"அக்கா, இந்தத் தடவை உங்களுக்கு ஒரு பிள்ளையார் மாட்டியிருக்கார். காலையில உக்காந்த மனுஷன் லைட் போட்ட அப்புறமும் எந்திரிக்கவே இல்ல. போய்ச் சொல்லலாம்னு பாத்தேன், பொது இடம், என்னன்னு சொல்றது?"

படிக்கட்டின் மூன்றாம் படியில், தொட்டி ஓரமாக, ஓர் ஆள் ஒரு நெல்மணி அளவுக்குத் தெரிந்தார். அவள் பெரிதாக்கினாள். முதலில் தெரிந்தது சட்டை. நீலக் கட்டம். பையில் இருந்த பொத்தான் மட்டும் வேறு நிறம், போன மாதம் அவசரத்துக்கு அவளே தைத்தது. பக்கத்தில் சாப்பாட்டுப் பை. அப்புறம்தான் முகத்துக்கு வந்தாள்.

லீவு போட்டிருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் நேற்று இருட்டிய பிறகு வந்து, "இன்னிக்கு லோடு மேல லோடு, இடுப்பு விட்டுப்போச்சு" என்று சொல்லித்தான் படுத்தார். அவள் ஒவ்வொரு படமாகத் திறந்தாள். காலைப் படத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறார். உச்சி வெயில் படத்தில் தலையில் கைக்குட்டை. ஒரு படத்தில் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிடுகிறார். கடைசிப் படத்தில் கண்ணாடிச் சுவர் முழுக்க விளக்கு, அதன் எதிரே கறுத்த உருவமாக அவர். சாப்பிடும் படம் தவிர எல்லாவற்றிலும் முகம் இந்தப் பக்கமாகவே இருந்தது.

"என்னக்கா, தெரிஞ்சவரா?" என்றார் கேமராக்காரர்.

"இல்ல தம்பி," என்றாள்.

அவளுடைய வீட்டுக்காரரைக் கேமராக்காரருக்குத் தெரியாது. எப்போதாவது அவளை அழைத்துப் போக வந்தால் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் வாசலோடு நிற்பார். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மதியச் சாப்பாட்டு வேளையில் பஸ் பிடித்துக் குடோனுக்குப் போனாள். பைப் கம்பெனியின் போர்டு இருந்த இடத்தில் ஒரு மெத்தைக் கம்பெனியின் போர்டு. கேட்டில் இருந்தவர், "பைப்காரங்களா? அவங்க காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப மாசம் ஆச்சேம்மா. ஆளுங்களை எல்லாம் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க" என்றார். அவள் அங்கேயே ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். எத்தனை காலை அந்த மனிதருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறோம், டப்பா கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நாளெல்லாம் எங்கே போய் உட்கார்ந்தாரோ? மழை பெய்த நாட்களில்?

அன்று சாயங்காலம் அவர் வந்து பையை மாட்டினார். வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக மாட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னிக்கு எத்தனை தலை உருண்டுச்சு?"

கேட்டுவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். ஆனால் அந்த இடத்தில் அவளுக்குத் தன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மா நாக்கில் நரம்பில்லாமல் பேசுவாள். "போன இடத்துல என்ன சொன்னாங்க? இன்னிக்காவது போனியா? இல்ல பார்க்குல தூங்கிட்டு வந்தியா?" தினமும் வாசலில் வைத்தே விசாரணை நடக்கும், பக்கத்து வீட்டுக் கதவுகள் மெல்லத் திறக்கும். கேள்வி கேட்டுக் கேட்டே அம்மா அந்த மனிதரைத் தேய்த்துவிட்டாள். கடைசியில் அப்பா யார் எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற ஆளாகிப்போனார். எனக்கு ஒரு புருஷன் வந்தால் அவரை வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க மாட்டேன் என்று அந்த வயதிலேயே அவள் முடிவு செய்திருந்தாள்.

"இன்னிக்கு யாரும் இல்லீங்க," என்றாள். "வெறும் கட்டடம்தான்."

அவர் மாட்டிய பையின் வாரை ஒருமுறை சரிசெய்தார். பிறகு, "ஓ," என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

மறுநாள் ஆர்க்கிடெக்ட் போனில் வந்தார். கேமராக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். இந்தக் கட்டடம் ரொம்பப் பெரிதாக இருப்பதால் அளவு தெரிவதற்கு ஓர் ஆளை மட்டும் விட்டு வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

"அப்ப படியில உக்காந்திருக்கிறவரை விட்டுடலாமா சார்?" என்று அவள் குறுக்கே பேசினாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. கேமராக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அவரா? ஐயோ வேண்டாம்மா. வேலைவெட்டி இல்லாத ஆள் மாதிரி இருக்கார். கட்டடத்தோட களையே போயிடும். அந்தக் குடை பிடிச்சுட்டுப் போற பொண்ணு இருக்குல்ல, அதை வைங்க. நல்ல நடை."

ஆக, குடை பிடித்த பெண் தங்கினாள். மற்றவர்கள் போனார்கள். வீட்டுக்காரரை அவள் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அவருக்குப் பின்னால் இருந்த கல்லை ஒவ்வொன்றாக வரைய வேண்டியிருந்தது. பக்கத்துப் படியில் இருந்து கல்லின் நிறத்தை எடுத்து, சொரசொரப்பை எடுத்து, கீறல்களை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினாள். கால் போயிற்று, மடி போயிற்று, அவள் தைத்த பொத்தான் போயிற்று. முகத்துக்கு வந்தபோது எழுந்து போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தாள். தொட்டித் தண்ணீரில் தலைகீழாக அவர் பிம்பம் இருந்தது, அதையும் அழித்தாள். வேலை முடிய நாள் கணக்கில் ஆயிற்று. "அக்கா, எங்க உக்காந்திருந்தார்னு எனக்கே தெரியலை!" என்று கேமராக்காரர் பாராட்டினார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் செய்ததெல்லாம் அவள் அறிந்த வகையில் ஓர் உதவி. அவர் சுமக்கிற பொய்யின் மறு நுனியைத் தானும் பிடித்துக்கொண்டால் அவருக்குப் பாரம் குறையும் என்று நினைத்தாள். டப்பாவில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். தண்ணீர் பாட்டில் பெரிதாக வாங்கினாள். "வெயில் கொளுத்துது, குடை எடுத்துட்டுப் போங்க" என்றாள். சாயங்காலம் அவர் வந்ததும், "குடோன்ல இன்னிக்கு லோடு ஜாஸ்தியா?" என்று கேட்பாள். அவர், "ம்" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையால் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம் பிறந்தால் வீட்டுச் செலவுக்கு அவர் வழக்கம்போலக் கொடுத்தார். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. தலை உருளுகிற வேடிக்கையை மட்டும் அவர் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். களைப்பாக இருக்கிறார் போல என்று அவள் விட்டுவிட்டாள். தானாக ஒருநாள் சொல்வார், அன்றைக்கு அவர் தோளில் கை வைத்து, "எனக்கு எப்பவோ தெரியும், அதனால என்ன?" என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

அந்த வாக்கியத்துக்கு வேலை வரவில்லை. நூலகத்துக்கு ஏதோ ஒரு பெரிய பரிசு கிடைத்தது. கேமராக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சட்டம் போட்ட படத்தையும் இனிப்பு டப்பாவையும் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். மாதங்களுக்கு முன்னால் திரையில் ஒரு கணம் பார்த்த முகம் கேமராக்காரருக்கு ஞாபகம் இல்லை.

"சார், நீங்கதானா அக்காவோட சார்! இத்தனை வருஷமா ஹெல்மெட்டைத்தான் பாத்திருக்கேன்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்தார். கல்லூரியில் படிக்கும் மகள் டீ போட உள்ளே போனாள். பெருக்கலக்கா சமையலறை வாசலில் நின்றாள். பேச்சை மாற்ற ஏதாவது தோன்றாதா என்று தவித்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

"இந்தப் பரிசுல பாதி அக்காவோடது சார். இங்க பாருங்க, இந்தப் படி. இந்த இடத்துல ஒருத்தர் நாள் பூரா உக்காந்திருந்தார். நம்புவீங்களா? ஒரு படத்துல கூட அவர் இல்லாம இல்ல. அக்கா உக்காந்து அந்தாளை அணு அணுவா அழிச்சாங்க."

வீட்டுக்காரர் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"முகமெல்லாம் தெரியுமா தம்பி? இவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கிறீங்களே."

"நல்லாக் கேட்டீங்க போங்க! பெருசு பண்ணினா சட்டைப் பட்டனை எண்ணலாம் சார். அந்தாள் டப்பாவுல என்ன சாப்பாடு கொண்டு வந்தார்னு கூட அக்கா சொல்லிடுவாங்க."

"அப்படியா," என்றார் வீட்டுக்காரர். கேமராக்காரர் டீ குடித்தார், இன்னொரு முறை பாராட்டினார், கிளம்பினார். அவரை வாசல்வரை கொண்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் வந்து அதே படத்தின் முன்னால் நின்றார்.

"நீ பாத்தியா?" என்றார் திரும்பாமலே.

அவள் இனிப்பு டப்பாவை எடுத்து மூடினாள்.

"கேக்கிறேன்ல? பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னிக்கு?"

"படம் வந்த அன்னிக்கே."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரியாம இருக்குமாங்க?"

மகள் காலி டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்னம்மா? என்னப்பா?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டேனே," என்றார் அவர். "எத்தனை தலை உருண்டுச்சுன்னு கேட்டேனே. யாரும் இல்லன்னு சொன்னியே."

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்... நீங்களாச் சொல்ற வரைக்கும்..."

"நானாச் சொல்ல முடியலைன்னுதானே அங்க போய் உக்காந்தேன்?"

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

"எப்பவும் அங்கதான் உக்காந்திருப்பேன். அன்னிக்கு உங்க கேமராக்காரர் எதிர்ல ஸ்டாண்டைப் போட்டார். அவரை எனக்குத் தெரியும், ஸ்டுடியோ வாசல்ல எத்தனை தடவை பாத்திருக்கேன். எந்திரிச்சு ஓடிடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் தோணிச்சு, இந்தப் படம் நேரா உன் கைக்குத்தானே வரும்னு. வாயால சொல்ல எனக்கு வக்கில்ல. தினம் சாயங்காலம் இன்னிக்குச் சொல்லிடணும்னு வருவேன், பையை மாட்டினதும் வேற பேச்சு வந்துடும். சரி, நீயே பாத்துட்டுக் கேட்டேன்னா ஒரே பேச்சுல கொட்டிடலாம்னு உக்காந்தேன். நீதானே சொன்னே, நடக்கிறவங்க போயிடுவாங்க, உக்காந்தவங்க லேசுல போக மாட்டாங்கன்னு? அதான் எந்திரிக்கல. ஒண்ணுக்கு வந்ததைக்கூட அடக்கிட்டு, அந்தக் கேமராவையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

எல்லாப் படத்திலும் முகம் இந்தப் பக்கமாகவே இருந்ததை அவள் பார்த்தாள்தான். பார்த்து என்ன?

"நீ கேப்பேன்னு காத்திருந்தேன். அப்புறம் ஒருவேளை உன் கண்ணுல படலையோன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பட்டிருக்கு. பாத்துட்டு, அழிச்சுட்டு, அதுக்கப்புறம் தினம் என்னைக் கேட்டியே, குடோன்ல லோடு ஜாஸ்தியான்னு. எல்லாம் தெரிஞ்சுகிட்டே எப்படிக் கேட்டே?"

"ஐயோ, கேலி பண்ணலீங்க. உங்க மரியாதையைக் காப்பாத்தணும்னு..."

"சரி. காப்பாத்திட்டே." அவர் விரல் படத்தின் ஓரத்தில் இருந்த குடையில் நின்றது. "இந்தப் பொண்ணு யாரு?"

"தெரியாது. யாரோ."

"யாரோ ஒருத்தியை விட்டு வெச்சிருக்கே."

அது ஆர்க்கிடெக்ட் சொன்னது, நான் உங்களை வைக்கத்தான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியானால் ஆர்க்கிடெக்ட் ஏன் வேண்டாம் என்றார் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைவெட்டி இல்லாத ஆள் மாதிரி இருக்கார். அங்கேயும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளில் இருந்து அவர் வெளியே கிளம்பவில்லை. தேய்த்து வைத்த சட்டை நாற்காலியிலேயே தொங்கியது. கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. மகள் முதல் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா முகத்தை ஸ்க்ரீன் பூரா பெருசா வெச்சுக்கிட்டு எப்படிம்மா அழிக்க மனசு வந்துச்சு உனக்கு?"

"வேலைடீ. என்னைக் கேட்டா நடக்குது?"

"அப்புறமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எங்கம்மா கேட்டாடீ. அந்தக் கேள்வியிலதான் எங்கப்பா செத்தாரு."

"அவங்க கேட்ட கேள்வி வேற. நீ கேக்க வேண்டியிருந்த கேள்வி வேற," என்றாள் மகள்.

வீட்டுக்காரரின் அண்ணனுக்கு வேறொரு ஊரில் இரும்புச் சாமான் கடை. விஷயம் தெரிந்து அவர் போன் செய்து, "வீட்டுல அடைஞ்சு கிடக்காதேடா, நாலு நாள் இங்க வந்து இரு" என்று கூப்பிட்டார். ஒரு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லி இவர் ஒரு பையோடு போனார். வாரம் மாதமாயிற்று. மகளோடு தினமும் போனில் பேசினார். இவள் கேட்டால், "இங்க சரக்கு வந்திருக்கு, முடியட்டும்" என்றார்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஆசாரிக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை, மலரவும் இல்லை. "வா, சாப்பிட்டியா?" என்றார். அண்ணன் வீட்டில் எல்லோரும் நன்றாகவே கவனித்தார்கள். மதியம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், திருகாணி டப்பாக்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டாள்.

"வீட்டுக்கு வாங்க. நான் செஞ்சது தப்புதான். கால்ல வேணா விழறேன்."

"சே, என்ன பேச்சு இது? உன் மேல கோபமெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன?"

அவர் துணியால் தராசுத் தட்டைத் துடைத்தார். "அந்த வீட்டுல இருக்கும்போது நான் இருக்கிறதே எனக்குத் தெரியலை. இங்க நாலு பேர் வந்து ஆணி கேக்கிறாங்க, தாழ்ப்பாள் கேக்கிறாங்க. எது நல்லதுன்னு என்னைக் கேக்கிறாங்க. பொழுது போகுது. அவ்வளவுதான்."

சாயங்காலம் பஸ் நிலையம்வரை கூடவே வந்தார். ஜன்னலோரம் இடம் பார்த்துக் கொடுத்தார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், கீழே நின்றார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பியபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"அன்னிக்கு நான் கேட்டிருந்தேன்னா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போல. காதை அருகே கொண்டுவந்தார். அவள் மறுபடி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தெரியலை," என்றார். "ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன். அழுதிருப்பேன்."

வண்டி நகர்ந்தது. அவர் கை அசைத்தார், எல்லோரும் அசைப்பது போல.

அடுத்த மாதமும் போனாள், அதற்கடுத்த மாதமும் போனாள். அப்போதெல்லாம் மனதில் கேள்விகளாகக் கொண்டு போவாள். ராத்திரி தூக்கம் வருகிறதா, முட்டி வலி எப்படி, அந்த மழைக்காலத்தில் நாளெல்லாம் எங்கே இருந்தீர்கள், யாரிடமாவது சொன்னீர்களா. எல்லாவற்றையும் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், கடைக்கு வந்தவருக்கு விலை சொல்வது போலப் பொறுமையாக. மழைக்கு ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாராம்; நோயாளிக்குத் துணையாக வந்தவர் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லையாம். சொல்லிவிட்டு எழுந்து ஒருவருக்குக் கம்பி வெட்டிக் கொடுக்கப் போனார்.

படிப்பு முடிந்து மகளுக்கு அப்பா இருக்கும் ஊர்ப் பக்கமாகவே வேலை கிடைத்தது. அவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். ஸ்டுடியோவில் பெருக்கலக்கா வழக்கம்போல வேலை செய்தாள். கை எதையும் மறக்கவில்லை. வேறு வேலை தேடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு, இந்த வயதில் வேறு எது தெரியும் என்று விட்டுவிட்டாள். கேமராக்காரருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. "சார் எப்படி இருக்கார்?" என்று கேட்பார். "நல்லா இருக்கார் தம்பி, வெளியூர்ல வேலை" என்பாள்.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் பயணத்துக்குப் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் இருந்து போன் வந்தது. அவராக அவளைக் கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்ததால் ஓடிப்போய் எடுத்தாள்.

"எதுக்கு மாசா மாசம் இவ்வளவு தூரம் அலையறே?" என்றார். "உனக்கும் உடம்பு முடியலை. இனிமே வர வேணாம். ஏதாவதுன்னா பொண்ணு சொல்லுவா."

"சரிங்க," என்றாள்.

போனை வைத்த பிறகு பையில் இருந்த புடவையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். அவருக்காக வாங்கிய முட்டி வலித் தைலம் அடியில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.